ஹார்னஸும் சேர்ந்தே அளக்கப்படுகிறது

ஒரு கருவி தன் சுற்றுப்புறத்திலுள்ள பிற கருவிகளுக்கு இடையூறு தராமலும், அவை தரும் இடையூற்றால் தான் பிறழாமலும் இயங்குவதே மின்காந்தப் பொருத்தம் எனப்படுகிறது. வாகன மின்னணுவியலில் இதன் முதற்பாதிக்கு, வாகனத்திலேயே உள்ள வானொலி முதலிய ஏற்பிகளைக் காப்பதற்கென வகுக்கப்பட்ட சிஸ்பிஆர் 25 தரநிலையும், மறுபாதிக்கு ஐஎஸ்ஓ 11452 வரிசையும் பெரிதும் கையாளப்படுகின்றன. சோதனை அறிக்கையின் வரைபடம் எல்லைக்கோட்டுக்குக் கீழே அமைந்துவிட்டால் சோதிக்கப்படும் மின்னணுப் பெட்டி தேறிவிட்டதாகக் கொண்டு கோப்பை மூடிவிடுவது தொழிலில் வழக்கமாகிவிட்டது. ஆனால் அந்த வரைபடம் பெட்டியை மட்டும் பற்றியதன்று.

சிஸ்பிஆர் 25 கதிர்வீச்சுச் சோதனையில், பெட்டியுடன் இணைந்த வயரிங் ஹார்னஸ், அதாவது கம்பித்தொகுதி, சுமார் 1,700 மி.மீ. நீளத்தில், எர்த் செய்யப்பட்ட உலோகத் தளத்திற்கு 50 மி.மீ. உயரத்தில் கிடத்தப்படுகிறது, அதில் 1,500 மி.மீ. தளத்தின் முன்விளிம்புக்கு இணையாக ஓட, ஆன்டெனா அதிலிருந்து 1 மீட்டரில் நிற்கிறது. எனவே ஆன்டெனாவுக்கு நேரெதிரே இருப்பது பெட்டியைவிட ஹார்னஸே. கம்பிகளில் சென்று திரும்பும் சமிக்ஞை மின்னோட்டங்கள் ஒன்றின் புலத்தை மற்றொன்று பெரிதும் அழித்துவிட, எல்லாக் கம்பிகளிலும் ஒரே திசையில் ஓடித் தளத்தின் வழியே திரும்பும் பொதுநிலை மின்னோட்டமே மிகுதியாகக் கதிர்வீசுகிறது. 1 மீட்டர் கம்பியில் 50 மெகாஹெர்ட்சில் வெறும் 5 மைக்ரோஆம்பியர் பொதுநிலை மின்னோட்டம் ஓடினாலே, 3 மீட்டர் தொலைவில் மீட்டருக்கு ஏறத்தாழ 100 மைக்ரோவோல்ட் புலம் எழும் என்பது எளிய கணக்கு.

ஷீல்டு இடப்பட்ட கேபிளின் முனையில் நிகழ்வது இன்னும் நுட்பமானது. உறைப்பின்னலைக் கனெக்டரின் உலோக உடலோடு சுற்றிலும் பிணைக்காமல், முறுக்கி ஒற்றைக் கம்பியாக்கி 30 மி.மீ. நீளத்தில் எர்த் முனையில் திருகிவிட்டால், மல்டிமீட்டர் அந்த இணைப்பின் தடையைப் பூஜ்யமென்றே காட்டும். ஆயினும் மில்லிமீட்டருக்கு ஒரு நானோஹென்றி என்ற தோராயக் கணக்கில் அந்தத் துண்டின் மின்மறுப்பு 100 மெகாஹெர்ட்சில் 19 ஓமை நெருங்குகிறது. சுற்றுப்பலகையில் ஒரு மாற்றமும் இல்லாமலே, ஒரு சோதனைக்கூடத்தில் தேறிய பெட்டி இன்னொரு கூடத்தில் தவறுவதற்கு இத்தகைய முனைகளே போதும்.

எர்த் இணைப்பும் அவ்வாறே. மின்வழங்கலின் திரும்புகம்பி 200 மி.மீ.க்கு மேல் நீண்டால் தரநிலை நேர்க்கம்பிக்கும் திரும்புகம்பிக்கும் தனித்தனியே செயற்கை வலையமைப்பு, அதாவது வாகன மின்வழங்கலின் மின்மறுப்பைச் சோதனை மேசையில் போலச்செய்யும் சுற்று, இருக்க வேண்டுமென்கிறது; அதற்குக் குறைந்தால் ஒன்றே போதும். வாகனத்தில் பெட்டி எவ்வாறு எர்த் செய்யப்படும் என்பதை அறியாமல் மேசையில் இதைத் தீர்மானிப்பது ஊகமே.

இடத்தைப் பொறுத்து முடிவு மாறும் என்பதைத் தரநிலைகளே ஒப்புக்கொள்கின்றன. ஹார்னஸில் கவ்வி வழியாக மின்னோட்டத்தைத் தூண்டி எதிர்ப்புத்திறனைச் சோதிக்கும் ஐஎஸ்ஓ 11452-4, அக்கவ்வியைப் பெட்டியிலிருந்து 150, 450, 750 மி.மீ. என மூன்று இடங்களில் வைக்கச் சொல்வது, கம்பி நெடுக நிலையலைகள் எழுவதால் ஓரிடத்தில் உணரப்படாத பலவீனம் மற்றோரிடத்தில் வெளிப்படக்கூடும் என்பதால்தான்.

சுற்று வடிவமைப்பாளரின் பங்கு இதனால் குறைந்துவிடவில்லை. மின்னழுத்த மாற்றியின் சுவிட்சிங் அலைவெண்ணை மத்திய அலை ஒலிபரப்புப் பட்டைக்கு மேலே 2.2 மெகாஹெர்ட்ஸ் அளவில் வைப்பது நல்ல உத்தியே. கூர்மையான அலைவிளிம்புகளின் சீரிசைகள் பண்பலைப் பட்டையில் வந்து நிற்பது அதற்குத் தர வேண்டிய விலை. கடைசி நாளில் கூடத்து இழுப்பறையிலிருந்து ஃபெரைட் வளையம் எடுத்து ஹார்னஸில் மாட்டிக் கோட்டைக் கீழே இறக்குவதை மட்டும் வடிவமைப்பு என்று சொல்ல இயலாது. அந்த வளையம் உற்பத்தி வரைபடத்தில் ஏறாமலே போவதும் உண்டு.

ஆகவே சோதனைத் திட்டத்தில் கையொப்பமிடும் வாகன நிறுவனங்கள், ஹார்னஸின் வரைபடம், ஷீல்டு முடியும் விதம், எர்த் புள்ளிகள், புகைப்படங்கள் ஆகியவற்றை அறிக்கையின் பிரிக்கவொண்ணாத பகுதியாகக் கோர வேண்டும். உற்பத்தி தொடங்கிய பின் ஹார்னஸ் வழங்குநர் செலவைக் குறைக்க ஷீல்டு முனையை மாற்றினால், பெட்டியை வடிவமைத்தவருக்குத் தகவல் எட்டாமலே போகிறது. மாற்ற அறிவிப்பு செல்லும் பட்டியலில் அவரையும் சேர்த்து, அத்தகைய மாற்றத்தை மறுசோதனைக்குரியதாகவே கருத வேண்டும்.