14 கிராம் ஈரம்

வருகிற பொங்கல் சந்தையில் உலர்ந்த காளானையும் பாக்கெட் போட்டு விற்கலாம் என்று சென்ற மாதக் கூட்டத்தில் ஒரு யோசனை சொல்லப்பட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் கைதட்டவில்லை. கூட்டம் முடிந்து காபி குடிக்கும்போது நாலு பேர் வந்து, "என்ன சார், ஊருக்கெல்லாம் காளான் வளர்க்கச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். நீங்களே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் எப்படி?" என்று கேட்டார்கள். நின்றுகொண்டே சொல்லி முடிக்கிற விஷயமில்லை. ஆசிரியரிடம் இடம் கேட்டு வாங்கி எழுதுகிறேன்.

கரக்பூர் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். வெளியூரில் இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி கடைசியிலிருந்து மாசி வரை இங்கே சிப்பிக் காளானுக்கு ஏற்ற குளிர். மேதினிப்பூர் பக்கம் வைக்கோலுக்கும் பஞ்சமில்லை. வைக்கோலை இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, இரவு ஊறவைத்து, வெந்நீரில் போட்டெடுத்து, நீர் வடிந்ததும் காளான் வித்தை அடுக்கடுக்காகத் தூவிப் பாலிதீன் பையில் கட்டி இருட்டில் தொங்கவிட்டால், மூன்று வாரத்தில் பை வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். பிறகு பையைக் கீறி, வெளிச்சமும் காற்றும் காட்டி, தண்ணீர் தெளித்து வந்தால் அரும்பு கட்டும். 2019-இல் ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து சொந்த வீட்டுக்கு வந்தபோது, மாடிப்படிக்குக் கீழே சும்மா கிடந்த இடத்தில் ஆறு பைகளுடன் ஆரம்பித்தேன்.

வளர்ப்பதில் கஷ்டம் இல்லை. கஷ்டம் அறுவடையில்தான். நேற்று மாலை சுண்டுவிரல் அளவு இருந்தது இன்று காலை உள்ளங்கை அளவு விரிந்து நிற்கும். ஆறு பையும் பேசி வைத்துக்கொண்டது போல ஒரே நாளில் இரண்டு கிலோ கொடுக்கும். வெளியே வைத்தால் ஒரு நாள், ஃப்ரிஜ்ஜில் வைத்தால் மூன்று நாலு நாள், அவ்வளவுதான். அக்கம்பக்கம் கொடுக்கலாம் என்று கிளம்பினேன். இந்தப் பக்கத்துக் கிராமத்தார் காளானைச் 'சாத்து' என்பார்கள். வறுத்த கடலை மாவுக்கும் அதே பேர். நான் சாத்து தருகிறேன் என்றதை நம்பிப் பின்தெரு மூதாட்டி ஒருவர் மாவு வாங்க டப்பாவோடு வந்துவிட்டார். காளானைப் பார்த்ததும் டப்பாவை மூடிக்கொண்டு போனார்.

ஆகவே காயவைத்தேன். மாடியில் கொசுவலையை விரித்து, வெயில் காட்டி, மூன்றாம் நாள் அள்ளி, பாலிதீன் பையில் சுற்றித் தாணேயில் இருக்கும் மகளுக்குக் கூரியரில் அனுப்பினேன். இரண்டு குளிர்காலம் இப்படி அனுப்பினேன். "எப்படியம்மா இருக்கிறது?" என்று கேட்டால், "நல்லா இருக்குப்பா" என்பாள். மூன்றாம் வருஷம் ஆடி மாதம் அங்கே போயிருந்தேன். பேரனுக்கு டார்ச் லைட் தேட அலமாரியின் மேல்தட்டில் கையை விட்டபோது என் பாக்கெட்டுகள் இரண்டு அகப்பட்டன. கட்டுப் பிரிக்காத பாக்கெட்டிலேயே பச்சைப் பூசணம். முதல் வருஷத்தது முழுவதையும் குப்பையில் போட்டதாகவும், இதைப் போட மனம் வராமல் வைத்திருந்ததாகவும் சொன்னாள். என் மனம் நோகக்கூடாது என்று பொய் சொல்லியிருக்கிறாள். பெண் குழந்தை அப்படித்தான் இருக்கும். ஆனால் சந்தையில் காசு கொடுத்து வாங்குகிறவர் அப்படி இருக்கமாட்டார். அதைவிட மோசம், பூசணத்தைத் துடைத்துவிட்டுச் சமைத்தாலும் சமைப்பார்.

ஊர் திரும்பியதும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். புதிய சிப்பிக் காளானில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தண்ணீர். ஒரு கிலோவில் சத்துப் பொருள் 100 கிராம்தான். அதை நூற்றுக்குப் பத்து பங்கு ஈரம் இருக்கும்வரை காயவைத்தால் 111 கிராம் நிற்கும், அது கெடாது. நூற்றுக்கு இருபது பங்கு ஈரத்தோடு நிறுத்திவிட்டால் 125 கிராம் நிற்கும்; அது நிச்சயம் பூக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் 14 கிராம், மூன்று தேக்கரண்டித் தண்ணீர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். சுருங்கி, பழுத்த இலை நிறத்தில் இருக்கும். நம் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. தராசால் முடியும்.

இதைச் சொன்னால் என் மனைவிக்குக் கோபம் வருகிறது. "எங்க பாட்டி எந்தத் தராசை வச்சு வத்தல் போட்டாங்க?" என்கிறாள். நியாயமான கேள்வி. ஆனால் கொத்தவரையை உப்புநீரில் வேகவைத்துத்தான் காயப்போட்டார்கள். சுண்டைக்காயும் மிளகாயும் உப்பு மோரில் ஊறித்தான் வெயிலுக்குப் போயின. ஈரம் கொஞ்சம் மிஞ்சினாலும் உப்பு காவல் நின்றது. காளானுக்கு அந்தக் காவல் கிடையாது. அது உப்பில்லாமல் காய்கிறது. வறட்சி ஒன்றே காவல். வற்றல் போடத் தெரிந்த கை காளானையும் பார்த்துக்கொள்ளும் என்று நாம் நினைப்பதுதான் பிசகு.

இன்னொரு பிசகு, வெயிலை மட்டும் நம்புவது. 1980-களில் நான் பயிற்சியில் இருந்தபோது தண்டவாளத்துக்கு அடியில் இன்னும் மரக்கட்டைகள் நிறைய இருந்தன. பச்சைக் கட்டையை எண்ணெய் ஏற்றுவதற்கு முன் மாதக்கணக்கில் உலரவிடுவார்கள். குவித்துப் போடமாட்டார்கள். குறுக்கும் நெடுக்குமாக, இடையில் காற்று புகும்படி அடுக்குவார்கள். உலர்த்துவது காற்று, சூடு அதற்குத் துணை என்று அன்றைக்கு மேஸ்திரி சொன்னது இப்போது காளானுக்கு உதவுகிறது. மார்கழிக் காலையில் இங்கே பத்து மணிவரை மூடுபனி. அந்தக் காற்றே ஈரம். அதில் மூன்று நாள் வைத்தாலும் முப்பது நாள் வைத்தாலும் காளான் ஓரளவுக்கு மேல் உலராது. தராசில் எடை மாறாமல் நிற்கும். உலர்ந்துவிட்டது என்று ஏமாந்துபோவோம். நான் மகளுக்கு அனுப்பியது அந்தச் சரக்குதான்.

இப்போது நான் செய்வது இது. ஓரம் சுருண்டு அலையாவதற்கு முன்பே பறித்துவிடுகிறேன். கழுவுவதில்லை; துணியால் துடைப்பதோடு சரி. நீளவாக்கில் கையால் கிழித்து, ஒன்றின்மேல் ஒன்று படாமல் வலைத் தட்டில் பரப்புகிறேன். நடுப்பகல் வெயிலில் மடிப்புப் பக்கம் மேலே பார்க்க வைக்கிறேன். வெயில் பட்டால் காளானில் வைட்டமின் டி உண்டாகிறது. அதை ஏன் விடுவது? மூன்று மணிக்கு மேல் மாடியில் வைப்பதில்லை. பனி இறங்கினால் பகல் முழுவதும் பட்ட பாடு வீண்.

கடைசிக் கட்டம் வீட்டுக்குள். ஒரு தகரப் பெட்டியில் நாலு வலைத் தட்டு, கீழே இரண்டு பழைய குண்டு பல்பு, பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய சின்ன விசிறி, மேலே காற்றுப் போக ஓட்டை, ஒரு வெப்பமானி. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. அது வெளிச்சம் தரும், சூடு தராது. 55 முதல் 60 டிகிரி வரை போதும். எடுத்த எடுப்பில் அதிகச் சூடு காட்டினால் மேல்தோல் இறுகி உள்ளே ஈரம் அடைபட்டுவிடும். அந்தச் சூட்டில் ஒரு மணி நேர இடைவெளியில் இருமுறை நிறுத்து, எடை மாறவில்லை என்றால்தான் முடிந்தது என்று கணக்கு. என் மனைவி தராசைத் தொடுவதில்லை. ஒரு துண்டை எடுத்து ஒடிப்பாள். அப்பளம் போல் 'படக்' என்றால் சரி, தோல் போல் வளைந்தால் மறுபடி பெட்டிக்குள். பெரும்பாலும் அவள் காதும் என் தராசும் ஒத்துப்போகின்றன. தண்டுப் பக்கம் மட்டும் அவளை ஏமாற்றும். குடை ஒடியும்போதும் தண்டின் அடியில் ஈரம் ஒளிந்திருக்கும். அதனால் இப்போது தண்டைத் தனியாகக் காயவைத்து ரசப்பொடியோடு அரைத்துவிடுகிறோம்.

ஆறியதும் தாமதிக்காமல் கண்ணாடி ஜாடியில் போட்டு இறுக மூடவேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்க்கும். ராத்திரி முழுவதும் திறந்து வைத்தால் காற்றிலிருந்து ஈரத்தை மறுபடி குடிக்கும். முதல் ஒரு வாரம் தினமும் ஜாடியைக் குலுக்கிப் பாருங்கள். கண்ணாடியில் ஆவி படிந்தாலோ, துண்டுகள் ஒட்டிக்கொண்டாலோ மறுபடி பெட்டி. பெரிய ஜாடி ஒன்றைவிடச் சின்ன ஜாடி ஆறு மேல். மழைக்காலத்தில் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஈரம் உள்ளே போகும். போனாலும் ஒரு ஜாடியோடு போகட்டும். பொடியாக்குவதானால் அவ்வப்போது. சமைக்க வெதுவெதுப்பான நீரில் அரை மணி ஊறவைத்தால் போதும். அந்த நீரைக் கொட்டாமல் வடிகட்டிக் குழம்பில் சேருங்கள், மணமெல்லாம் அதில்தான்.

பூசணம் பிடித்ததை வெயிலில் காட்டி மீண்டும் ஜாடியில் போடுகிற பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. பருப்புக்கே அது கூடாது. காளானுக்குச் சொல்லவே வேண்டாம். வெயிலில் பூசணம் மறையலாம், அது உண்டாக்கிய நஞ்சு மறையாது. அதேபோல் ஆவணி மழையில் சால் காட்டிலிருந்து வரும் காட்டுக் காளானை வாங்கி நம் சரக்கோடு காயவைக்கும் எண்ணம் யாருக்கும் வேண்டாம். அந்த ஊர்க்காரர்களுக்கு எது எதுவென்று தெரியும், நமக்குத் தெரியாது. நச்சுக் காளானின் விஷம் காய்ந்தாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது.

சரி, பொங்கல் சந்தைக்கு வருவோம். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பதினைந்து குடும்பம் வளர்க்கிறது, வீணாகிறது, அந்தக் காசு நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வந்தால் யாருக்குக் கசக்கும்? ஆனால் பதினைந்து மாடியில் பதினைந்து விதமாகக் காய்ந்ததை ஒரே பாக்கெட்டில் கொட்டுவதற்கு நான் உடன்படமாட்டேன். ஒருவர் சரக்கில் மிஞ்சிய ஈரம் மற்ற பதினாலு பேர் சரக்கையும் கெடுக்கும். மாடியில் காய்ந்ததை எல்லோரும் என் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். கடைசிச் சூடும் எடையும் ஒரே இடத்தில் நடக்கட்டும். ஒரு வாரம் ஜாடியில் வைத்துப் பார்த்த பிறகு பாக்கெட் போடுவோம். பாக்கெட்டின் மேல் உலர்த்திய தேதியும் வளர்த்தவர் பேரும் இருக்கட்டும். பேர் போட யோசிப்பவர் வீட்டுச் சரக்கை அவர் வீட்டிலேயே சாப்பிடட்டும்.

பெட்டி ஒன்று போதாது. இரண்டாவது பெட்டிக்குத் தகரம் வாங்கிவிட்டேன். குண்டு பல்புதான் கோல் பஜாரில் தேடிக்கொண்டிருக்கிறேன். பரணில் பழைய பல்பு கிடந்தால், எரியுமா என்று பார்த்துவிட்டுக் கொடுத்தனுப்புங்கள்.