குற்றம் அறியாக் குழவிக்குத் தண்டனையா?

பிறந்த அன்றே இறந்த குழந்தை செய்த குற்றம் யாது? நாம் மட்டும் எழுப்பும் வினாவன்று இது. கிறித்துவ உலகமே பதினாறு நூற்றாண்டுகளாக இதனோடு போராடி வருகிறது.

ஆதி பிதாவின் பிழையால் மரணத்தோடு குற்றமும் மாந்தர் அனைவரையும் பற்றியது என்றார் வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீன். ஞானஸ்நானம் பெறாது மாண்ட மதலைக்கும், மிக இலேசானதேனும், தண்டனை உண்டு என்பது அவர் முடிவு. மாறுபட்டுரைத்த பெலாகியுஸின் கொள்கையை 418இல் கார்த்தேஜ் சங்கம் கண்டித்தது.

விளைவை அயர்லாந்தின் மண் சொல்லும். அத்தகைய மதலைகளுக்கு அன்று திருச்சபையின் கல்லறைத் தோட்டத்தில் இடம் மறுக்கப்பட்டது. தந்தையர் இரவில் சுமந்து சென்று, வயல் எல்லைகளிலும் பாழடைந்த ஆலயங்களின் அருகிலும் புதைத்தனர். 'கில்லீன்' எனப்படும் அவ்விடங்கள் இருபதாம் நூற்றாண்டிலும் பயன்பட்டன.

2007இல் வத்திக்கானின் இறையியல் ஆணைக்குழு, இக்குழந்தைகளுக்கு மீட்சி உண்டென எதிர்பார்க்கத் தக்க காரணங்கள் உள்ளன என்றது. மகிழ்கிறோம். ஆயினும், அது உறுதியான அறிவன்று, எதிர்பார்ப்பே என்றும் அது சொல்லி வைத்தது! பிறவிப் பாவம் சொந்தக் குற்றமன்று என இன்று விளக்குகின்றனர். குற்றமில்லையெனில் அன்று கல்லறையை மறுத்தது எதற்காக?

தந்தையின் குற்றத்துக்குப் பிள்ளையைப் பொறுப்பாக்குவதை அவர்தம் வேதத்தில் எசேக்கியேலின் ஆகமமே மறுத்துள்ளது. ஆதம் (அலை) அவர்களின் பிழை மன்னிக்கப்பட்டு அவர்களோடே முடிந்தது. எக்குழந்தையும் தூய்மையாகவே பிறக்கிறது என்பது நம் மார்க்கத்தின் தெளிவு.

தொட்டிலை அறியுமுன் மண்ணை அடைந்த பிஞ்சுக்கு மன்னிப்புத் தேவையில்லை. அதன்மீது பழி சுமத்திய கோட்பாட்டுக்கே அது தேவை.