ஓடிப்போன அப்பன் கையெழுத்துக்கு எங்கே போவது?

பாரிமுனையில் பத்திரம் எழுதும் கடை. வாசலில் ஓர் ஆட்டோ. அதன் டிரைவர் ஸ்டாம்பு பேப்பரைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் மனைவி. பள்ளிச் சீருடையில் 13 வயதுப் பெண்.

"இது என் பொண்ணு சார். பேப்பர்லதான் இல்ல" என்றார் அவர்.

வியாசர்பாடிக் குடும்பம். மனைவிக்கு இது இரண்டாவது கல்யாணம். முதல் புருஷன் லாரி கிளீனர். எட்டு வருஷத்துக்கு முன்பு "லோடு எறக்கிட்டு வர்றேன்" என்று போனவன், போனவன்தான். அந்த அம்மாள் கோர்ட்டுக்குப் போனார். பேப்பரில் நோட்டீசு போட்டார்கள். ஆசாமி ஆஜராகவில்லை. எக்ஸ்பார்ட்டியாக விவாகரத்து கிடைத்தது. அப்புறம்தான் ஆட்டோக்காரரைக் கைப்பிடித்தார். இவர்களுக்கு இப்போது ஒரு பையனும் இருக்கிறான்.

மூத்தவளை முறைப்படி தத்து எடுத்துக்கொள்ளலாம் என்று பத்திரம் எழுத வந்தார்கள். எழுத்தர் கேட்ட முதல் கேள்வியே இடியாக விழுந்தது.

"பெத்த அப்பன் சம்மதம் எங்கேம்மா?"

சாமியார் ஆனால் பரவாயில்லை!

விவாகரத்து ஆகிவிட்டதே, பிறகென்ன சம்மதம் என்று கேட்கலாம். விவாகரத்து புருஷன் பெண்டாட்டி உறவைத்தான் வெட்டும். அப்பன் உறவை வெட்டாது.

இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம் 1956-ல் வந்தது. அதில் 9-வது பிரிவு, யார் குழந்தையைத் தத்துக் கொடுக்கலாம் என்று சொல்கிறது. 2010-ல் திருத்தம் செய்து, தாய்க்கும் தகப்பனுக்கும் சம உரிமை என்றார்கள். ஆனால் ஒருவர் கொடுத்தால் மற்றவர் சம்மதிக்க வேண்டும். அவர் உயிரோடு இருந்தும் சம்மதம் தேவைப்படாத சந்தர்ப்பம் மூன்றே மூன்று. உலகத்தைத் துறந்து சந்நியாசம் போயிருக்க வேண்டும். இந்து மதத்தை விட்டுப் போயிருக்க வேண்டும். அல்லது புத்தி சுவாதீனம் இல்லாதவர் என்று கோர்ட்டு சொல்லியிருக்க வேண்டும்.

காவி கட்டிக்கொண்டு போனவன் சம்மதம் வேண்டாம். பெண்டாட்டி பிள்ளையை நடுத்தெருவில் விட்டு ஓடியவன் சம்மதம் வேண்டும்!

இதைவிட வேடிக்கை, அதே பிரிவில் நாலாவது உட்பிரிவில் இருக்கிறது. தாய், தகப்பன் இரண்டு பேருமே குழந்தையைக் கைவிட்டிருந்தால், கார்டியன் கோர்ட்டு அனுமதி வாங்கித் தத்துக் கொடுக்கலாம். கைவிடுவது என்றால் என்னவென்று சட்டத்துக்குத் தெரியாமல் இல்லை. ஒருத்தர் மட்டும் கைவிட்டு, இன்னொருத்தர் கூலி வேலை பார்த்துக் காப்பாற்றினால்தான் அதற்குக் கண் தெரியவில்லை.

செத்தவன் வழி விடுகிறான்

அப்பன் இறந்திருந்தால் இந்தச் சிக்கலே கிடையாது. 2022 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. புருஷன் இறந்தபின் மறுமணம் செய்த தாய் பிள்ளையின் குடும்பப் பெயரைத் தீர்மானிக்கலாம், பிள்ளையைத் தத்தும் கொடுக்கலாம் என்றது. பிள்ளையின் சான்றிதழில் வளர்ப்பவரை மாற்றாந்தகப்பன் என்று எழுதச் சொல்வதே கொடுமை என்றும் கண்டித்தது.

சரி, ஏழு வருஷம் தகவலே இல்லாதவனைச் செத்தவனாகக் கருதச் சட்டத்தில் இடம் இருக்கிறதே? இருக்கிறது. ஆனால் அவனைப்பற்றி இயல்பாகத் தெரிந்திருக்க வேண்டியவர்கள் யாருக்குமே ஏழு வருஷமாக எந்தத் தகவலும் இருக்கக்கூடாது. இங்கேதான் மாட்டிக்கொண்டார்கள். "பொங்கலுக்குப் பொங்கல் எம் புள்ள போன் பண்ணுவான்" என்று பழைய மாமியார் தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். போதாததற்கு, போலீசில் "காணவில்லை" புகாரும் கொடுக்கவில்லை. "குடிச்சிட்டுப் போனவன் வந்துடுவான்னு இருந்துட்டேன்" என்றார் அந்த அம்மாள். பல வீட்டில் நடப்பது இதுதான். போலீஸ் ஸ்டேஷன் ரசீது ஒன்று இருந்தால் எத்தனையோ இடத்தில் உதவும்.

ஆக, ஆள் செத்தவனும் இல்லை. இருப்பவனும் இல்லை.

கையெழுத்துக்கு விலை

விஷயம் எப்படியோ அவன் காதுக்கு எட்டிவிட்டது. போன மாதம் ஒருத்தர் தூது வந்தாராம். "அம்பதாயிரம் குடுங்க, கையெழுத்து வாங்கித் தர்றேன்."

ஆட்டோக்காரர் கடன் வாங்கக்கூடத் தயாராகிவிட்டார். நல்லவேளை, எழுத்தர் தடுத்தார். தத்துக்காகப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். 17-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும். வாங்கியவனோடு கொடுத்தவரும் கம்பி எண்ண வேண்டியதுதான்.

அவர்தான் சோறு போடுகிறாரே, பேப்பர் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். அவர் உயில் எழுதாமல் இறந்துபோனால் வாரிசு யார்? மனைவி, பையன், அவருடைய தாயார் இருந்தால் அவரும். இந்தப் பெண் பெயர் வராது. அதாவது சொத்து விஷயம். அந்த அம்மாளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? 1956-ம் வருஷத்து கார்டியன் சட்டத்தில் தகப்பன் என்றால் மாற்றாந்தகப்பன் சேராது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். எட்டு வருஷமாக எட்டிப்பார்க்காதவன் "நான்தான் அப்பன்" என்று வந்து நிற்கலாம். குழந்தையின் நலன் பார்த்துத்தான் கோர்ட்டு முடிவு செய்யும், உண்மை. ஆனால் கோர்ட்டு படி ஏறி இறங்க வேண்டியவர் வளர்த்தவர்!

கலெக்டர் ஆபீஸ் வழியாக இன்னொரு கதவும் உண்டு. 2015-ம் வருஷத்து சிறார் நீதிச் சட்டம். எல்லா மதத்தாரும் போகலாம். தாயும் மாற்றாந்தகப்பனும் சேர்ந்து மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் பதிய வேண்டும். உதவிக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. 2022 செப்டம்பரிலிருந்து உத்தரவு போடும் அதிகாரம் கலெக்டருக்கு வந்திருக்கிறது. அங்கேயும் சம்மதப் படிவத்தில் பெற்றவர் கையெழுத்துக் கட்டம் காத்திருக்கிறது.

1999-ல் ரிசர்வ் வங்கி சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், அப்பன் ஊரில் இல்லாவிட்டாலும், பிள்ளையைக் கவனிக்காவிட்டாலும் தாயே கார்டியன் என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. பிள்ளை பெயரில் முதலீடு செய்யத் தாய் கையெழுத்துப் போதும். பிள்ளைக்கு ஓர் அப்பாவைக் கொடுக்கப் போதாது. 2010-ல் அந்தப் பிரிவைப் பிரித்து மேய்ந்தவர்கள், "கைவிட்டவர்" என்ற ஒரு வார்த்தையை மூன்றோடு நாலாகச் சேர்த்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

நாள் வேறு ஓடுகிறது. இந்து சட்டப்படி தத்துப்பிள்ளைக்கு 15 வயது முடிந்திருக்கக்கூடாது. சாதி வழக்கம் இருந்தால்தான் விலக்கு. சிறார் சட்டத்தில் 18 வரை நேரம் இருக்கிறது. ஒரே ஆறுதல், இவர்களுக்குப் பிறந்தது பையன். பெண்ணாகப் பிறந்திருந்தால், மகள் இருப்பவர் இன்னொரு மகளைத் தத்தெடுக்க முடியாது என்று இந்து சட்டம் அந்தக் கதவையும் மூடியிருக்கும்.

அன்றைக்குத் தத்துப் பத்திரம் எழுதவில்லை. உயில் எழுதினார்கள். ஆட்டோவும் அரை கிரவுண்டு மனையும் இரண்டு பிள்ளைகளுக்கும் சரிபாதி. உயிலில் பெண்ணை என்ன உறவென்று போடுவது என்று எழுத்தர் பேனாவை நிறுத்திக் கேட்டார்.

"மகள்னே போடுங்க சார்" என்றார் டிரைவர். "அதுக்கு யார் கையெழுத்தும் வேணாமில்ல?"

அடுத்த வாரம் பாதுகாப்பு அலகில் மனு கொடுக்கப் போகிறார்கள்.