பழங்கலமும் புதுக்கலமும்

பாய்க்கலங்களில் பற்றுள்ளோர் கூடும் இடந்தோறும் ஒரு வழக்கு ஓயாது நடைபெறுகின்றது. முன்னோர் முறையில் இயற்றிய பழைய கலம் சிறந்ததா, நாரிழையும் பிசினும் கொண்டு வார்த்த புதிய கலம் சிறந்ததா என்பதே அவ்வழக்கு. இருதிறத்தாரும் தத்தம் கட்சிக்குச் சான்றுகள் பல காட்டுவர். ஆனால் எதன்பொருட்டுச் சிறந்தது என்னும் வினாவை அவர்கள் எழுப்புவதில்லை. பந்தயம் வேறு, நெடும்பயணம் வேறு. முன்னதன் அளவுகோலைப் பின்னதன்மேல் ஏற்றுதல் சில வேளைகளில் உயிர்க்கே கேடாய் முடியும் என்பது எமது துணிபு.

முதற்கண் இவ்விரண்டின் அமைப்பை நோக்குவோம். பழங்கலத்தின் அடிக்கட்டை அணியத்தின் கீழிருந்து பின்புறம் வரையில் நீண்டு ஓடும். சுக்கான் அதன் கடையிலே பிணைக்கப்பட்டிருக்கும். உடல் குறுகியது, ஆழ்ந்தது, கனத்தது. புதுக்கலத்தின் உடலோ இலேசானது, பின்புறம் அகன்றது. அதன் அடியில் மீனின் துடுப்பை ஒத்த குறுகிய தகடொன்று பாரத்தைத் தாங்கி நிற்கும். சுக்கான் தனியே தொங்கும். நீரில் தோயும் பரப்புக் குறைவாதலின் உராய்வும் குறைவு. ஆதலின் காற்றை எதிர்த்து ஏறுதலும் விரைந்து திரும்புதலும் அதற்கு எளியன.

வேகத்தின் காரணமும் அறியத்தக்கது. கனத்த கலம் நீரைப் பிளந்து செல்லுங்கால் முன்னும் பின்னும் அலைகளை எழுப்பி, அவற்றின் இடையே தானே அகப்பட்டுக்கொள்ளும். நீர்மட்டத்தில் 28 அடி நீளமுள்ள அத்தகைய கலம் மணிக்கு 7 கடல்மைலுக்கு மேல் செல்லுதல் அரிது. இலேசான கலம் தன் அலையின்மேல் ஏறி வழுக்கி ஓடும். இக்காலத்துப் பெரும்பந்தயக் கலங்களோ இருபுறமும் நீரிறக்கை பூண்டு, உடலை நீர்க்குமேல் உயர்த்தி, மணிக்கு 30 கடல்மைலையும் கடக்கின்றன.

பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பெற்ற 32 அடிக் கலம் சுஹைலி. அதில் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர் 1968 ஜூன் 14-ல் இங்கிலாந்தின் பால்மத் துறையினின்று புறப்பட்டு, எத்துறையிலும் தங்காமல் உலகத்தைத் தனியே சுற்றி, 1969 ஏப்ரல் 22-ல் மீண்டார். சென்ற நாட்கள் 312. 2024-ல் தொடங்கிய வாந்தே குளோப் என்னும் பந்தயத்தில் ஷார்லி தாலென் என்னும் பிரெஞ்சுக்காரர் 60 அடிக் கார்பன் கலமொன்றில் ஏறக்குறைய அதே வட்டத்தை 65 நாட்களுக்குள் முடித்தார். வேகமே அளவாயின், வழக்கு இத்துடன் தீர்ந்தது.

ஆயின், சுஹைலி சென்ற பந்தயத்தில் புறப்பட்டோர் ஒன்பதின்மர். முடித்தவர் அவர் ஒருவரே. வழியில் பலகை இடுக்குகளில் நீர் கசிந்தது; அவர் கடலில் மூழ்கித் தம் கையாலேயே அடைத்தார். தானே சுக்கான் பிடிக்கும் கருவி ஆஸ்திரேலியாவை அடுத்து முறிந்தது. பாய்களைச் சமன்செய்து விட்டார், கலம் தன் நெறியே சென்றது. நீண்ட அடிக்கட்டையின் பயன் இது. மீகாமன் உறங்கும்போதும் அது நெறி பிறழாமல் நிற்கும். தனியே செல்வோனுக்கு உறக்கமே உயிர் அன்றோ?

1979 ஆகஸ்டில் நிகழ்ந்த பாஸ்ட்நெட் பந்தயம் மற்றொரு படிப்பினையாகும். 303 கலங்கள் சென்ற அப்பந்தயத்தைப் புயல் தாக்கியது. பந்தயத்தார் 15 பேர் மாண்டனர். மிகச் சிறிய கலங்களின் வகுப்பில் ஓட்டத்தை முடித்தது அசென்ட் என்னும் ஒரே கலம். அது குறுகிய உடலும் கனத்த அடிப்பாரமும் உடையது. பந்தய விதிகளுக்கேற்ப அகன்றும் இலேசாயும் அமைந்த கலம் தலைகீழானால் நிமிராமல் கிடக்கக்கூடும் என்பது பின்னர் நடந்த ஆராய்ச்சியில் விளங்கிற்று. மாலுமிகள் கைவிட்ட கலங்கள் 24. அவற்றுள் மூழ்கியவை 5 மட்டுமே. ஏனையவை மிதந்துகொண்டிருக்கக் கண்டனர். கலம் பொறுத்த அலைப்பை உள்ளிருந்த மனிதர் பொறுக்க முடியவில்லை. ஆகவே கலத்தின் உறுதியோடு, அது தன்னுள் இருப்போரை எவ்வாறு நடத்துகின்றது என்பதையும் ஆராய்தல் வேண்டும்.

நிற்க. பழமையைக் கண்மூடிப் போற்றுவோரோடும் யாம் உடன்படோம். பழைய வகைக் கலங்களுக்கென்றே 2018-ல் நடத்திய பந்தயத்தில், சுஹைலியின் மாதிரியாகக் கட்டிய துரியா என்னும் கலம் தென் இந்தியப் பெருங்கடலில் புயலிற்பட்டுப் பாய்மரங்களை இழந்தது. அபிலாஷ் டோமி முதுகில் காயமுற்றுப் பிறரால் மீட்கப்பட்டார். அவரே 2022-ல் மீண்டும் வேறொரு பழைய வகைக் கலத்திற் புறப்பட்டு இரண்டாமவராய் வந்தார். பழங்கலமும் கவிழும். அன்றியும், காற்று கரையை நோக்கித் தள்ளும்போது அதனை எதிர்த்து ஏறித் தப்பும் ஆற்றல் புதுக்கலத்திற்கே மிகுதி. அதுவும் ஒரு காவலே.

பந்தயத்திலும் உறுதிக்கு மதிப்புண்டு. 2020 நவம்பர் 30-ல் நன்னம்பிக்கை முனைக்குத் தென்மேற்கே, நீரிறக்கை பூண்ட கலமொன்று பேரலையில் மோதி இரண்டாய் மடிந்தது. அதன் மீகாமனைக் காத்தவர் ழான் லெ காம். அவர் செலுத்தியது 2007-ல் கட்டிய, நீரிறக்கையில்லாத கலம். அதனைக்கொண்டே அவர் அப்பந்தயத்தில் நான்காம் இடமும் பெற்றார்.

இக்காலத்தில் எமக்குக் குறையாகத் தோன்றுவது ஒன்று. பந்தயக் கலத்தின் அகன்ற பின்புறம் பயணக் கலங்களுக்கும் வழக்காகிவிட்டது. துறையில் கட்டியிருக்கும்போது அக்கலத்தின் அறைகள் மாளிகைபோல் விசாலமாய் இருக்கும். வாங்குவோர் அதனைக் கண்டே மயங்குகின்றனர். நடுக்கடலில் அவ்வறைகளில் பற்றி நிற்க இடமின்றி உருள நேரும் என்பதை அப்பொழுது எண்ணுவாரில்லை.

ஆதலின் கலம் கொள்வோர் தம்மைத்தாமே கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று: எங்குச் செல்லப்போகிறோம்? எத்தனை கைகள் துணையாகும்? களைத்த இரவில் இக்கலம் நம் பிழையைப் பொறுக்குமா? பயின்ற மாலுமிகள் பலர் கூடிக் கரையோரத்தில் பந்தயம் ஓடுவராயின் புதுக்கலத்தையே கொள்க. அதனினும் இனிய கருவி வேறில்லை. கணவனும் மனைவியுமாகவோ, தனியாகவோ பெருங்கடல் தாண்டுவோர் வேகத்தில் சிறிது இழந்து, குறுகிக் கனத்த கலத்தின் பொறுமையைப் பெறுவது நலம். எதுவாயினும் அதன் அடிக்கட்டையின் திருகாணிகளையும் பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளையும் நன்கு ஆராய்ந்தபின்னரே விலை பேசுதல் வேண்டும். துரு ஏறிய திருகாணி பழங்கலத்தையும் புதுக்கலத்தையும் ஒன்றுபோலவே கைவிடும்.