பார்சல் கஸ்டம்ஸில் நிற்கிறதா? முதலில் நம்பரைப் பாருங்கள்!

'உங்கள் பெயருக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பார்சல் கஸ்டம்ஸில் நிற்கிறது. உடனே பணம் கட்டுங்கள்!' இப்படி ஒரு மெசேஜோ போன் அழைப்போ யாருக்கு வேண்டுமானாலும் வரலாம். சிக்கல் என்னவென்றால், எல்லாமே பொய்யாக இருப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து கூரியரில் பொருள் வந்தால், கூரியர் நிறுவனம் நிஜமாகவே அடையாள ஆவணம் கேட்கும். வரி விதிக்கப்பட்டால் அதையும் நம்மிடம் வசூலிக்கும். அப்படியானால் எது அசல், எது மோசடி? அதைக் கண்டுபிடிக்க உதவுபவை, அந்த ஆவணங்களில் இருக்கும் எண்கள்தான்.

டிராக்கிங் எண்

டிராக்கிங் வசதியோடு தபாலில் வரும் வெளிநாட்டுப் பார்சலுக்கு 13 இடங்கள் கொண்ட எண் இருக்கும். முதலில் 2 ஆங்கில எழுத்துகள், நடுவில் 9 இலக்கங்கள், கடைசியில் மறுபடியும் 2 எழுத்துகள். கடைசி இரண்டும் அனுப்பிய நாட்டைக் குறிக்கும். சிங்கப்பூர் என்றால் 'எஸ்ஜி', பிரிட்டன் என்றால் 'ஜிபி'.

ஒன்பதாவது இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். முன்னால் உள்ள எட்டு இலக்கங்களை வைத்துக் கணக்கிட்டு வருவது. அதனால், வாய்க்கு வந்த எண்ணை அடித்துவிட்டால் பெரும்பாலும் பொருந்தாது. 'லண்டன் நண்பர்' தபாலில் அனுப்பியதாகச் சொல்லும் பரிசின் எண் 'ஜிபி' என்று முடியவில்லையா? அங்கேயே உஷாராகிவிடலாம்.

கூரியர் எண்களின் அமைப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மெசேஜில் வந்த லிங்க்கைத் தொடாமல், நிறுவனத்தின் இணையதளத்தை நீங்களே திறந்து எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

டிஐஎன்

சுங்கத்துறை பெயரில் நோட்டீஸோ சம்மனோ கடிதமோ வந்தால் தேட வேண்டியது, 'டிஐஎன்' எனப்படும் ஆவண அடையாள எண். 2019 நவம்பர் 8 முதல் மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. வாரியத்தின் இணையதளத்தில் இந்த எண்ணைப் போட்டால், அசல்தானா என்பது தெரிந்துவிடும். அவசரத்தில் எண் இல்லாமல் அனுப்ப நேர்ந்தால், அதிகாரி காரணத்தைப் பதிவு செய்து, 15 வேலை நாள்களுக்குள் எண் வாங்கியாக வேண்டும்.

கூரியர் நிறுவனம் அனுப்பும் பில்லில் டிஐஎன் இருக்காது. அதை டிராக்கிங் எண்ணை வைத்து நிறுவனத்திடமே உறுதி செய்துகொள்ளலாம். ஆனால் தனிநபரின் வங்கிக் கணக்குக்கு வரி கட்டச் சொல்லி சுங்கத்துறை ஒருபோதும் கேட்காது. ஏமாந்து பணம் அனுப்பிவிட்டால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

தொழில் செய்பவர்களுக்கு...

சொந்த உபயோகத்துக்குப் பொருள் வாங்க இறக்குமதியாளர் எண் தேவையில்லை. ஆனால் வீட்டிலிருந்தே நகை செய்து விற்பவர், அதற்கான மணிகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அது வியாபாரம். 'சொந்த உபயோகம்' என்று போட்டு எடுக்க முடியாது. 1992-ம் ஆண்டின் வெளிநாட்டு வர்த்தகச் சட்டப்படி, 'ஐஇசி' என்ற இறக்குமதி - ஏற்றுமதி எண் வேண்டும்.

இது புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டிய எண் அல்ல. ஜிஎஸ்டி வந்த பிறகு, 10 இடங்கள் கொண்ட பான் எண்ணே ஐஇசி ஆகிவிட்டது. ஆனால், பான் கார்டு இருக்கிறது என்பதற்காக ஐஇசி தானாக வந்துவிடாது. வெளிநாட்டு வர்த்தக தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் ரூ.500 கட்டி விண்ணப்பிக்க வேண்டும்.

அதே பான், 15 இடங்கள் கொண்ட ஜிஎஸ்டி எண்ணுக்குள்ளும் இருக்கிறது. முதல் 2 இலக்கங்கள் மாநிலம் (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்த 10 பான். சுங்கத்தில் தாக்கல் செய்யும் 'பில் ஆஃப் என்ட்ரி'யில் ஜிஎஸ்டி எண் தவறாகப் பதிவானால், இறக்குமதியில் கட்டிய ஐஜிஎஸ்டி உங்கள் ஜிஎஸ்டி கணக்கில் தெரியாது. வரவு எடுப்பதும் சிக்கலாகும். ஏஜென்ட் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாமல், தாக்கல் செய்வதற்கு முன்பே ஒரு காப்பி வாங்கி, எண்ணை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். தாக்கலான பிறகு, பில் ஆஃப் என்ட்ரி எண்ணையும் தேதியையும் வைத்து சுங்கத்துறையின் 'ஐஸ்கேட்' தளத்தில் நிலவரம் பார்க்கலாம்.

ஐஇசி எடுத்தவர்கள் பலர் மறந்துவிடும் விஷயம் ஒன்று உண்டு. இந்த எண் ஆயுள் முழுக்கச் செல்லும். ஆனாலும், ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதங்களில், தளத்தில் விவரங்களை உறுதி செய்ய வேண்டும். எந்த மாற்றமும் இல்லாவிட்டாலும் செய்தாக வேண்டும். தவறினால் எண் முடக்கப்படும். விவரங்களைப் புதுப்பித்தால் மீண்டும் செயல்படும் என்றாலும், சரக்கு துறைமுகத்துக்கு வந்த பிறகு இதைக் கண்டுபிடித்தால், அது நிற்கும் ஒவ்வொரு நாளும் உங்களுக்குத்தான் செலவு. ஏப்ரல் 1-ம் தேதிக்கு இப்போதே போனில் ஒரு ரிமைண்டர் போட்டுவிடுங்கள்!