விற்பவர், வாங்குபவர், இடையில் அரசுகள்

2018 ஜூலை 25 நள்ளிரவில் குவால்காம், என்.எக்ஸ்.பி. நிறுவனங்களின் ஒப்பந்தக் கெடு முடிந்தது. பேசிய விலை 44 பில்லியன் டாலர். வாங்க வந்தது அமெரிக்க சிப் நிறுவனமான குவால்காம், விற்க இசைந்தது நெதர்லாந்தின் என்.எக்ஸ்.பி. தேவைப்பட்ட ஒன்பது ஒப்புதல்களில் எட்டு கைக்கு வந்துவிட்டன. வராமல் போனது சீனாவின் ஒப்புதல். அமெரிக்கா சீனப் பொருட்கள் மீது முதல் கட்டக் கூடுதல் வரியை விதித்ததும் அதே ஜூலையில்தான். குவால்காம் 2 பில்லியன் டாலர் முறிவுக் கட்டணம் கட்டி விலகியது.

வர்த்தக மோதலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது போட்டிச் சட்ட விஷயம் என்றது சீனா. ஆனால் அந்த டிசம்பரில் ப்யூனஸ் அயர்ஸில் டிரம்ப்பும் ஷி ஜின்பிங்கும் சந்தித்த பிறகு வெள்ளை மாளிகை ஓர் அறிக்கை வெளியிட்டது. அதே ஒப்பந்தம் மீண்டும் வந்தால் ஒப்புதல் தர ஷி தயாராக இருக்கிறார் என்றது அந்த அறிக்கை. ஐந்து மாதத்தில் சிப் சந்தையின் போட்டி நிலவரம் தலைகீழாகிவிடவில்லை. இரு தலைநகரங்களின் பேச்சு மாறியிருந்தது, அவ்வளவுதான். குவால்காம் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்படிப்பட்ட ஆபத்துக்கு நம் வரைவுகளில் எவ்வளவு இடம் தருகிறோம்? பல ஒப்பந்தங்களில் ஒரே வரிதான் இருக்கிறது: ‘தேவையான அனைத்து அரசு ஒப்புதல்களும் பெறப்பட்டதன் பேரில்’. கம்பெனி செக்ரட்டரிகளும் ஆடிட்டர்களும் வழக்கறிஞர்களும் அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

தலேகாவ் ஆலையின் கதை நமக்கு இன்னும் அருகில் இருப்பது. மகாராஷ்டிரத்தில் இருந்த அந்த கார் ஆலையை சீனாவின் கிரேட் வால் மோட்டார்ஸுக்கு விற்க ஜெனரல் மோட்டார்ஸ் 2020 ஜனவரியில் கையெழுத்திட்டது. ஏப்ரல் 17 அன்று மத்திய அரசின் பிரஸ் நோட் 3 வந்தது. இந்தியாவுடன் நில எல்லையைப் பகிரும் நாடுகளிலிருந்து வரும் முதலீட்டுக்கு, தொகை எவ்வளவு சிறியதானாலும், அரசின் முன் அனுமதி கட்டாயமானது. ஜூனில் இந்திய-சீன எல்லையில் கல்வான் மோதல் நடந்தது. அனுமதி கடைசிவரை வரவில்லை. ஒப்பந்தத்தை நீட்டித்துப் பார்த்தும் பலனின்றி, 2022 ஜூன் 30 அன்று அது காலாவதியானது. ஆலையில் உற்பத்தி 2020 டிசம்பரிலேயே நின்றுபோயிருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைக்காகவும் இழப்பீட்டுக்காகவும் வழக்காடிக்கொண்டிருந்தார்கள். 2023இல் ஆலையை வாங்க ஒப்பந்தம் போட்டது, ஸ்ரீபெரும்புதூரில் ஏற்கெனவே கார் தயாரிக்கும் ஹூண்டாய்.

திட்டமிட்டுத் தப்பிய உதாரணமும் உண்டு. ஹைதராபாத்தின் கிளாண்ட் பார்மாவில் சுமார் 86 சதவீதப் பங்குகளை வாங்க சீனாவின் ஃபோசுன் 2016இல் ஒப்பந்தம் செய்தது. மத்திய அரசின் அனுமதிக்குக் காத்திருந்தபோது இந்திய-சீன மோதலான டோக்லாம் விவகாரம் வெடித்தது. இரு நிறுவனங்களும் கணக்கை மாற்றி எழுதின. இயங்கிக்கொண்டிருக்கும் மருந்து நிறுவனத்தில் 74 சதவீதம் வரை அரசின் முன் அனுமதி தேவைப்படாத ஆட்டோமேட்டிக் ரூட்டில் வாங்கலாம் என்பது அன்றைய விதி. 86ஐ 74 ஆக்கி, 2017 அக்டோபரில் வேலையை முடித்தார்கள். பிரஸ் நோட் 3 வந்த பிறகு அந்த வழியும் சீன முதலீட்டாளருக்கு அடைபட்டது.

நட்பு நாடு என்றால் கவலையில்லை என்றும் நினைக்க வேண்டாம். ஜப்பானின் நிப்பான் ஸ்டீல், யு.எஸ். ஸ்டீலை 14.9 பில்லியன் டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது 2023 டிசம்பரில். தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி 2025 ஜனவரியில் பைடன் அதைத் தடுத்தார். அடுத்த அதிபர் அதே ஆண்டு ஜூனில் அனுமதித்தார், ஆனால் அமெரிக்க அரசுக்குத் ‘தங்கப் பங்கு’ தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. தலைமையகத்தை பிட்ஸ்பர்கிலிருந்து மாற்றுவது போன்ற முடிவுகளை அரசு மறுக்கலாம். முழு விலை கொடுத்தவருக்கு முழு அதிகாரம் கிடைக்கவில்லை.

எனவே டியூ டிலிஜென்ஸ் கட்டத்திலேயே செய்ய வேண்டியவை சில. வாங்கப்படும் நிறுவனம் எங்கே பதிவானது என்பதோடு, எந்தெந்த நாட்டில் விற்கிறது, எந்த அரசு ‘முடியாது’ என்று சொல்ல முடியும் என்ற பட்டியல் வேண்டும். வாங்குபவரின் பின்னால் உண்மையில் யார் இருக்கிறார்கள் என்பதைக் கடைசி அடுக்கு வரை பார்க்க வேண்டும். பிரஸ் நோட் 3 வெளியானபோது ‘பயன்பெறும் உரிமையாளர்’ யார் என்பதற்கு சதவீத வரம்பு எதையும் சொல்லவில்லை. அதனால் சீனப் பணம் சிறு அளவில் கலந்த நிதியங்கள்கூடத் தடுமாறின.

ஒப்பந்தத்திலோ கெடு தேதியும் நீட்டிப்பு விதியும் தெளிவாக இருக்க வேண்டும். ஒப்புதலுக்காக வாங்குபவர் எதுவரை விட்டுக்கொடுக்க வேண்டும், ஒப்புதல் கிடைக்காவிட்டால் முறிவுக் கட்டணம் யார் தலையில், எவ்வளவு என்பதை எண்ணோடு எழுத வேண்டும். குவால்காம் கட்டிய 2 பில்லியன் இழப்புதான். ஆனால் தொகை முன்பே எழுதியிருந்ததால் மறுநாளே அவரவர் வழியில் போக முடிந்தது.

இன்னொன்றையும் நாம் வலியுறுத்துகிறோம். காத்திருப்புக் காலத்தில் ஆலை ஓடுமா, சம்பளத்துக்கு யார் பொறுப்பு என்ற பிரிவு ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் இடம்பெற வேண்டும். அரசுகளின் சண்டையை நம்மால் தீர்க்க முடியாது. அதன் சுமை தொழிலாளி மேல் மட்டும் விழாதபடி எழுதித் தர நம்மால் முடியும். கட்சிக்காரர் கேட்காவிட்டாலும் அந்தப் பிரிவை வரைவில் வைத்து விவாதிக்க வேண்டியது நம் கடமை.