குழாயில் தெரிந்த பால்



"உனக்குக் கொழுப்புடா" என்று திட்டு வாங்காமல் நம்மில் யாரும் வளர்ந்திருக்க மாட்டோம். அதே சொல்லை லேப் ரிப்போர்ட்டில் தேடும் வயது வந்த பிறகும், நம் கண் கொலஸ்ட்ரால் வரியோடு நின்றுவிடுகிறது. அங்கேயே இருக்கும் இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடை யார் பார்க்கிறோம்? போன மாதம் வரை நானும் பார்த்ததில்லை.

என் சித்தி மகனுக்கு நாற்பது வயது. சர்க்கரை உண்டு, மாத்திரை, ஞாபகம் வந்தால் உண்டு. கல்யாண விருந்துக்குப் போய்விட்டு வந்தவன், அன்று இரவு மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். வாயுதான் என்று ஓமத் திரவம் கொடுத்தார்கள், சோடா கொடுத்தார்கள். வலி முதுகுக்குப் பாய்ந்தது. முன்னால் குனிந்து உட்கார்ந்தால் மட்டும் கொஞ்சம் தேவலை.

விடிகாலையில் மருத்துவமனை. லேபில் இருந்த பெண், இயந்திரத்தில் சுற்றி எடுத்த ரத்தச் சோதனைக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்திருக்க வேண்டிய நீர், கெட்டிப் பாலாக நின்றது. ட்ரைகிளிசரைடு 2,400. இருக்க வேண்டியது 150-க்குள்.

வலிக்குக் காரணம் கணைய அழற்சி. ட்ரைகிளிசரைடு 1,000-ஐத் தாண்டினாலே கணையத்துக்கு ஆபத்தாம். கொழுப்பை உடைக்கும் நொதி ஊறுவதே அங்கேதான். ரத்தத்தில் வரும் கொழுப்பை அது அங்கேயே உடைக்க, வெளியாகும் அமிலங்கள் கணையத்தையே புண்ணாக்குகின்றன. பித்தப்பைக் கல், மது இரண்டுக்கும் அடுத்தபடியாகக் கணைய அழற்சிக்கு இந்தக் கொழுப்புதான் காரணம். மற்றவற்றைவிட இப்படி வரும் அழற்சி முற்றுவதும் திரும்ப வருவதும் அதிகம். போதாக்குறைக்கு, பால்போன்ற ரத்தத்தில், இந்த அழற்சியைக் கண்டுபிடிக்கப் பார்க்கும் அமைலேஸ் அளவு சாதாரணமாகக் காட்டி ஏமாற்றவும் செய்யும்.

மருத்துவமனை பில்லை முடிவு செய்வது 48 மணி நேரம். சிறுநீரகமோ நுரையீரலோ தளர்ந்து, அதற்குள் தேறிவிட்டால் ஒரு கணக்கு. தேறாவிட்டால் டயாலிசிஸ், வென்டிலேட்டர், மறுபடி மறுபடி சி.டி. ஸ்கேன், வாரக்கணக்கில் ஐ.சி.யூ. என்று வேறு கணக்கு. கொழுப்பை இறக்க இன்சுலின் டிரிப் போடலாம்; செலவு குறைவு. பிளாஸ்மாவை மாற்றும் சிகிச்சையும் உண்டு. செலவு பல மடங்கு. அது இன்சுலினைவிட மேல் என்று இதுவரை உறுதியாக நிரூபணமாகவில்லை. எந்தச் சிகிச்சை, ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதில் கூச்சம் வேண்டாம்.

இரண்டு நாள் அவனுடைய சிறுநீர் சேரும் பையின் அளவுக் கோடுகளைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தோம். மூன்றாம் நாள் காலை பை நிறைந்தது. ஒன்பது நாளில் வீடு திரும்பினான். அதற்குள் அவன் மனைவியின் வளையல்கள் அடகுக்கடைக்குப் போயிருந்தன.

காப்பீட்டுத் தாளைத் தேடியபோது பீரோவில் இரண்டு வருடத்துக்கு முந்தைய ரிப்போர்ட் கிடைத்தது. ட்ரைகிளிசரைடு 780, தடித்த எழுத்தில். மடிப்பு சரியாக அந்த எண்ணின் மேலேயே விழுந்திருந்தது. அந்தச் சோதனைக்கு அவன் கொடுத்தது சில நூறு ரூபாய்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் என்னுடைய பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். 212. திங்கட்கிழமை காலை வெறும் வயிற்றோடு லேபுக்குப் போகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்